மூத்திரம் போகாத நாய் வேண்டுமா?

செண்பகனூரில் மெயின் ரோட்டிலிருந்து இறங்குகிற ஒரு சந்தில், பச்சை பெயின்ட் அடித்த இரும்பு கேட். அதில் ஒரு போர்டு. ‘நாய்கள் ஜாக்கிரதை!’ பக்கத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சீறுகிற அல்சேஷன் படம்.

உள்ளே இருந்தது அல்சேஷன் இல்லை. கிரேஹவுண்ட். அதுவும் ஒன்றே ஒன்று. பன்மையெல்லாம் பந்தாவுக்கு.

பெயர் சீசர். பங்களா முதலாளி வைத்த பெயர். வாட்ச்மேன் அண்ணன் அதை ‘சீசரு’ என்று கூப்பிடுவார். முதலாளி கூப்பிட்டால் அது மெதுவாக எழுந்து வரும். அண்ணன் கூப்பிட்டால் பறந்து வரும். முதலாளி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருகிறவர். வந்தால் நாயோடு நாலு போட்டோ. மறுநாள் கார் கீழே இறங்கிவிடும். மிச்ச நாளெல்லாம் சீசருக்கு அண்ணன்தான் அப்பா, அம்மா, எஜமான்.

நான் பக்கத்து வீட்டு நண்பரிடம் பத்து நாள் தங்கி எழுதப் போயிருந்தேன். வியாழக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன். சீசர் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் காலைத் தூக்குகிறது. நிற்கிறது. நிற்கிறது. ஒன்றும் வரவில்லை. அடுத்த மரம். மறுபடியும் அதே. நாலாவது மரத்தில் இரண்டு சொட்டு.

“என்னண்ணே, நாய்க்கு நீர்க்கடுப்பா?” என்றேன்.

“நேத்திலிருந்தே இப்படித்தான் சார் பண்ணுது.”

“சூடு பிடிச்சிருக்கும். பார்லித் தண்ணி காய்ச்சி நிறையக் குடுங்க.”

செண்பகனூர் குளிரில் எங்கிருந்து சூடு பிடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நாட்டில் எல்லாரும் டாக்டர், நான் மட்டும் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்! அண்ணன் பாவம், படித்தவர் சொல்கிறாரே என்று ஒரு சொம்பு பார்லித் தண்ணியை ஊற்றினார். இந்தக் கதையில் முதல் குற்றவாளி நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரண்டாவது குற்றவாளி போனில் வந்தார். “மெடிக்கல்ல கேட்டு ஏதாவது வலி மாத்திரை வாங்கிப் போடு. சனிக்கிழமை நானே வர்றேன்ல.” மூன்றாவது குற்றவாளி மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றார். “நாய்க்கா? மனுஷனுக்குக் குடுக்கிறதுதான். பால்ல கலந்து காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.” டைக்ளோஃபெனாக். சீட்டு கேட்கவில்லை. பில்லும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை சீசர் வாந்தி எடுத்தது. ராத்திரி வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் கத்தியது. அண்ணன் அதைக் கம்பளியில் சுற்றி, ஒரு ஜீப்பைப் பிடித்து, அரசாங்க வேலையில் இருக்கும் ஒரு கால்நடை டாக்டர் அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினபோது மணி பத்தரை. டியூட்டி நேரம் இல்லை. ஆனாலும் அவர் கதவைத் திறந்தார். திறந்திருக்காவிட்டால் யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. பச்சைக் குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை எடுத்தார். சலைன் தண்ணீரைப் பீய்ச்சி, வழியில் சிக்கியிருந்த கல்லைத் திரும்ப மூத்திரப்பைக்குள்ளேயே தள்ளினார். சிவப்பாக அரை லிட்டருக்கு மேல் இறங்கியது. சீசர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அண்ணன் அழுதுவிட்டார்.

“வேற ஏதாவது குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். மூன்று குமிழ் காலி. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. “காலைல கீழ கொண்டுபோய் ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க, டிரிப்ஸ் ஏத்தணும்” என்று மட்டும் சொன்னார்.

காலையில் மலைப்பாதையில் இறங்கினோம். ரத்தத்தில் கிரியாட்டினின் 9. திங்கட்கிழமை மத்தியானம் சீசர் செத்துப்போனது. அடைப்பு எடுத்தாகிவிட்டது. சிறுநீரகம் திரும்பி வரவில்லை.

* * *

உள்ளே என்ன நடந்தது என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாய் வளர்க்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஆண் நாயின் குறியில் ஒரு எலும்பு உண்டு. அதன் அடிப்பக்கத்துப் பள்ளத்தில்தான் மூத்திரக் குழாய் ஓடுகிறது. குழாய் வேறெங்கேயாவது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். எலும்புக்குள் விரிய முடியாது. மூத்திரப்பையில் உருவாகிற சின்னக் கல் வழுக்கி வந்தால் சரியாக அந்த எலும்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண் நாய்க்கும் கல் வரும். ஆனால் குழாய் அகலம், நீளம் குறைவு. அதனால் அடைப்பது அபூர்வம்.

அடைத்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெளியே போகவேண்டிய கழிவு ரத்தத்துக்குத் திரும்புகிறது. பொட்டாசியம் ஏறுகிறது. அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். முழு அடைப்பு இரண்டு, மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். சில சமயம் பை வெடித்தும் விடும். இந்த நேரத்தில் பார்லித் தண்ணி, இளநீர், வாழைத்தண்டுச் சாறு என்று ஊற்றுவது, வாய்க்காலை அடைத்துவிட்டு மோட்டாரைப் போடுகிற கதை. நான் செய்யச் சொன்னது அதைத்தான்.

நாய் முக்குவதைப் பார்த்து, பலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாக வந்தால், சிவப்பாக வந்தால், அந்த இடத்தை ஓயாமல் நக்கினால், கூடவே சாப்பாட்டை மறுத்து வாந்தியும் எடுத்தால் அது அன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டிய விஷயம். நாளைக்கு அல்ல. சனிக்கிழமை முதலாளி வரும்போது அல்ல.

கல் மட்டுமே காரணம் என்றும் இல்லை. கருத்தடை செய்யாத ஆண் நாய்க்கு வயதானால் புராஸ்டேட் வீங்கும். கருத்தடை செய்தால் சில வாரங்களில் வற்றிவிடும். கருத்தடை செய்த பெண் நாய்க்குச் சில சமயம் தூக்கத்தில் தானாக ஒழுகும். அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அதற்குக் கிடைக்கிற முதல் மருந்து விளக்குமாற்று அடி. “தின்ன திமிரு, வேணும்னே படுக்கையில போகுது” என்கிறோம். தூங்குகிற நாய் யாரைப் பழிவாங்கப் போகிறது? எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோஸ்பைரா வேறு இருக்கிறது. நம் ஆட்கள் எலிக்காய்ச்சல் என்கிறார்களே, அதே. நாயின் சிறுநீரகத்தைத் தின்னும். அதன் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்கிற மனுஷனுக்கும் தொற்றும். அதற்கு வருடா வருடம் போடுகிற தடுப்பூசி உண்டு. வீட்டில் துடைக்கிற வேலை யார் தலையில் விழுகிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, சீசருக்குக் கல் ஏன் வந்தது? கல் வர நூறு காரணம் இருக்கலாம். கிருமித் தொற்று, சாப்பாடு, பரம்பரை என்று டாக்டர்கள் அடுக்குகிறார்கள். ஆனால் அதன் தினசரி அட்டவணையை அண்ணன் சொன்னபோது எனக்கே அடிவயிறு கனத்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு ஷெட்டில் அடைத்தால், காலை ஏழு மணிக்குத்தான் திறப்பு. பதின்மூன்று மணி நேரம்! சிறுத்தை பயம், காட்டுமாடு பயம். நியாயமான பயம்தான், கொடைக்கானலில் காட்டுமாடு ரோட்டிலேயே நிற்கிறது. ஆனால் படுக்கிற இடத்தில் போகக்கூடாது என்று பழகின நாய் அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதனால் குடிப்பதும் குறைவு. குறைவாகக் குடித்து, நாள் முழுக்கத் தேக்கி வைத்தால் மூத்திரம் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட இடத்தில் உப்புப் படியும். கெட்டிலில் படிகிற மாதிரி.

28 கிலோ நாய்க்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். குளிர் ஊரில் வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம், சோற்றில் தாராளமாக ஊற்றிப் பிசையலாம். படுக்கப்போகும் முன் ஒரு தடவை, லைட்டைப் போட்டுக்கொண்டு, வேலிக்குள்ளேயே ஐந்து நிமிஷம் நடத்தலாம். இதற்கு எத்தனை ரூபாய் செலவு? யாராவது கணக்குச் சொல்லுங்கள்.

* * *

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம்.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து விழுந்தன. காரணம் அதுதான் என்று 2004-ல் உறுதியானது. அதற்குள் இந்தியாவில் சில வகைக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்துக்கும் மேல் காணாமல் போயிருந்தன. 2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. பதினேழு வருஷம் கழித்து, 2023-ல், கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

நாய் கழுகு இல்லைதான். ஆனால் இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. நாய்க்குடலையும் புண்ணாக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு ஆபத்து. பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஆபத்து. பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். நாய்க்கென்றே இருக்கிற வலி மருந்துகளைக்கூட, மூத்திரம் அடைத்த நாய்க்கு, தண்ணீர் வற்றின நாய்க்கு டாக்டர்கள் தயங்கித் தயங்கித்தான் தொடுவார்கள். அந்த நிலையில் ஒரு நாய்க்கு, ஒரு மனுஷ மாத்திரையை, அதன் எடையைக்கூடக் கேட்காமல் எடுத்து நீட்டினார் ஒருவர். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “அடைப்பு பாதி, மாத்திரை பாதி” என்றார்கள்.

சட்டப்படி இந்த மாத்திரைக்குச் சீட்டு வேண்டும். அந்தச் சட்டம் மலை ஏறுவதற்குள் மூச்சு வாங்கி எங்கேயோ உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

* * *

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பார்த்துத்தான் பழக்கம். பார்ப்போம்.

நாய் வாங்கின விலை பதினைந்தாயிரம் என்று முதலாளியே பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கு பெயின்ட், போர்டு, பெல்ட், சங்கிலி எல்லாம் தனி. வருஷத்துக்கு ஒருமுறை மூத்திரப் பரிசோதனை? பூஜ்யம். வயிறு ஸ்கேன்? பூஜ்யம். அண்ணனின் கையில் அவசரத்துக்கென்று கொடுத்து வைத்த பணம்? அதுவும் பூஜ்யம். ஜீப் வாடகை அண்ணனுடைய சம்பளத்திலிருந்து போனது. சனிக்கிழமை மூன்று விருந்தாளிகளோடு வந்து சேர்ந்த முதலாளி, ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டுவிட்டுச் சொன்ன வசனம் இது: “இதுக்குப் புது நாயே வாங்கிடலாமேய்யா!”

அடுத்த வசனம் அண்ணனைப் பார்த்து. “மூணு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே?”

சார், அவர் நீங்கள் சொன்னதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தார்.

இதில் சட்டம் இன்னொரு வேடிக்கை பண்ணியிருக்கிறது. 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதற்குத் தேவையில்லாத வலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 3-வது பிரிவு. நல்லது. ஆனால் ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்கு, அப்போதைக்கு அந்தப் பிராணியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரையும் சேர்த்தே அர்த்தம் சொல்கிறது அதே சட்டம். அதாவது வாட்ச்மேனும் ஓனர்! ஐந்நூறு ரூபாய் செலவு செய்ய அதிகாரம் இல்லாத ஓனர். போட்டோவில் இல்லாத ஓனர். வழக்கு வந்தால் மட்டும் ஓனர்.

தண்டனை என்ன தெரியுமா? 11-வது பிரிவில் முதல் தடவை குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். எந்தக் காலத்திலோ எழுதின தொகை. ஐம்பது ரூபாய்க்குக் கொடைக்கானலில் இன்றைக்கு ஒரு பாக்கெட் சாக்லெட்கூட ஒழுங்காகக் கிடைக்காது.

* * *

நமக்கு நாய்ப் பெருமை நிறைய. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று வரிசையாகப் பேர் சொன்னார். நாமும் மீசையை முறுக்கிக்கொண்டோம். அந்தச் சூட்டோடு சூடாக, கரிசல் வெயிலில் ஓடிப் பழகின ஒல்லி நாய்களையும், கிரேஹவுண்ட் கலந்த குட்டிகளையும் வாங்கிக் கொண்டுவந்து ஏழாயிரம் அடி குளிரில் கட்டிப்போடுகிறோம். உடம்பில் கொழுப்பு கிடையாது, ரோமம் கிடையாது. ஸ்வெட்டர் நமக்கு மட்டும்.

இந்த ஒல்லி ஜாதிகளுக்கு மருத்துவமும் கொஞ்சம் தனி. மற்ற நாய்க்குக் கிரியாட்டினின் 1.5-ஐத் தாண்டினால் லேப் ரிப்போர்ட்டில் அடிக்கோடு விழும். தசை அதிகமுள்ள கிரேஹவுண்டுக்கு 1.8, 2 வரைகூட இயல்பாக இருக்கலாம். அதை மட்டும் பார்த்து ‘கிட்னி போச்சு’ என்று பயப்படவும் கூடாது, மூத்திரத்தின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். (சீசருடைய 9 எந்தக் கணக்கிலும் சேராது என்பது வேறு.) தயோபென்டோன் மாதிரி சில மயக்க மருந்துகள் கிரேஹவுண்டுக்குச் சீக்கிரம் தெளியாது. வெறித்தனமாக ஓடவிட்ட பிறகு காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் அது தசை நைந்ததன் அடையாளம். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே டாக்டரிடம் ஜாதியை உண்மையாகச் சொல்லுங்கள். கலப்பு நாயை ‘ஒரிஜினல்’ என்று டாக்டரிடமும் பீற்றிக்கொண்டால் நஷ்டம் நாய்க்கு.

அரசாங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. நம் கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று அமைக்கப்பட்டவை. விவசாய நாட்டில் அது சரிதான். ஆனால் நோய் ஆபீஸ் நேரம் பார்ப்பதில்லை. அந்த டாக்டர் அம்மாவின் கையில் இருந்தது குழந்தைகளுக்கான குழாய். அவருடைய கெட்டிக்காரத்தனத்தில் அது வேலை செய்தது. மலை ஊர்களில் தாலுகாவுக்கு ஓர் இடத்திலாவது ராத்திரி டியூட்டி டாக்டர், நாலைந்து சைஸில் குழாய், ஒரு ஸ்கேன் மெஷின், ஒரு ரத்தப் பரிசோதனை மெஷின். இது பேராசையா? கன்று ஈனமுடியாமல் தவிக்கிற மாட்டுக்கும் அதே ராத்திரியில் அதே டாக்டர்தானே வேண்டும்?

“மனுஷனுக்கே மலையில ஆஸ்பத்திரி இல்ல, நாய்க்குக் கேக்குறியா?” என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று. மனுஷனுக்கு வேண்டியதைக் கேட்காதே என்று நான் சொல்லவில்லை, நானும் சேர்ந்து கேட்கிறேன். அடுத்தது, இந்தக் கதையில் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை இழந்தது நாய் இல்லை. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினது நாய் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், ‘இனிமே உன்னை வச்சிருக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டது நாய் இல்லை. அண்ணனும் மனுஷர்தான்.

பங்களா முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் முந்நூறு நாள் நீங்கள் இல்லாத வீட்டில் நாய் வளர்க்காதீர்கள். வளர்த்தே தீருவேன் என்றால், காவலாளியின் கையில் ஐயாயிரம் ரூபாயும், ‘டாக்டரிடம் போக என்னைக் கேட்கவேண்டியதில்லை’ என்ற ஒரு வார்த்தையும் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுங்கள். அந்த இரண்டும் சீசருக்கு வியாழக்கிழமையே கிடைத்திருந்தால், இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அதுவும் முடியாது, செலவும் கூடாது, நாற்றமும் கூடாது, ஆனால் வீட்டில் கம்பீரமாக ஒரு மிருகம் நிற்கவேண்டும் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது. செண்பகனூரில் ஏசு சபைப் பாதிரியார்கள் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பலர் பார்த்திருப்பீர்கள். பாடம் செய்த மிருகங்களைக் கண்ணாடிக் கண் வைத்து நிறுத்தியிருப்பார்கள். அந்த மாதிரி ஒன்று செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்காது. காலைத் தூக்காது. உங்களோடு எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்புகிற அன்றைக்கு அந்த கேட்டைத் தாண்டினேன். அண்ணன் சீசருடைய தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசம் வேற குட்டி வருதாம் சார்” என்றார்.

போர்டு அப்படியே தொங்கியது.